ஐ.பி. கொடுக்கும் முன் நல்ல வழக்கறிஞரைத் தெரிந்தெடுத்தல்



மண் பரிசோதனை முகாம்களிலும் வயல் விழாக்களிலும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் விதை, உரம், பூச்சி மருந்து பற்றியவையே. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு, மற்றவர் காதில் விழாதபடி ஓரமாக வந்து கேட்கும் கேள்வி ஒன்றும் உண்டு. "கடன் கழுத்துக்கு வந்துவிட்டது சார். ஐ.பி. கொடுத்துவிடு என்கிறார்கள். உங்களுக்கு நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" என்பதே அது. இக்கேள்வியைக் கேட்பவர் பல நாள் தூங்கியிருக்க மாட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் உழவியல் ஆசிரியன். சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் என் சொந்தக் குடும்பத்திலேயே இந்த வழக்கு ஒன்று வந்து, அதனால் நிலம் போனதைக் கண்டவன். அதன் பின்னர் தெரிந்துகொண்டவற்றை, இனி இந்த வாசலில் நிற்கப் போகும் உழவர்களுக்கு உதவும் என்று கருதி எழுதுகிறேன். இங்குச் சொல்லப்படுபவை பொதுவான செய்திகள். உங்கள் வழக்குக்கு உரிய யோசனையை, உங்கள் காகிதங்களை நேரில் பார்த்த வழக்கறிஞரிடம்தான் பெற வேண்டும். அந்த வழக்கறிஞரை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐ.பி. என்றால் என்ன?

கிராமங்களில் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று சொல்வதும், "ஐ.பி. போட்டுவிட்டான்" என்று சொல்வதும் ஒன்றே. கடனைக் கட்ட இயலாத நிலையில் இருக்கும் ஒருவர், தம்மை நொடித்தவர் என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் கொடுக்கும் நொடிப்பு மனுதான் ஐ.பி. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் உள்ளன. நமது மாவட்டங்களில் இம்மனுக்களைச் சார்பு நீதிமன்றங்கள், அதாவது சப் கோர்ட்டுகள், விசாரிக்கின்றன. 2016-ல் மைய அரசு புதிய நொடிப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது உண்மை. ஆனால் கம்பெனிகளுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கொடுத்தவர்களைத் தவிர, நம்மைப் போன்ற தனிநபர்களுக்கான பகுதி அதில் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எனவே உழவர் ஒருவருக்கு நூறாண்டு கடந்த அந்தப் பழைய சட்டமே பொருந்துகிறது.

சட்டம் எவ்வளவு பழையது என்பதை அதிலுள்ள தொகைகளே காட்டும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுக் கொடுக்கலாம் என்கிறது அது. நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டு இன்னும் விடுவிக்கப்படாத ஒருவர், தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலும் குற்றம் என்கிறது. இன்றைக்கு 50 ரூபாய் ஒரு வேளை டிபனுக்குக் காணாது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

பலரும் நினைப்பதுபோல் ஐ.பி. என்பது கடன் தள்ளுபடி அன்று. தள்ளுபடியில் கடன் போகும், நிலம் இருக்கும். ஐ.பி.யில் நீதிமன்றம் உங்களை நொடித்தவர் என்று அறிவித்த உடனே, உங்கள் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்கோ, அது நியமிக்கும் ரிசீவரின் பொறுப்புக்கோ போய்விடும். ரிசீவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். விடுவிப்பு ஆணை கிடைக்கும் வரை புதிதாக உங்கள் கைக்கு வரும் சொத்தும் அப்படியே. உழவருக்கு மிஞ்சுபவை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து காக்கும் பொருள்கள்: தாம் குடியிருக்கும் வீடு, உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதைத் தானியமும், உடுக்கும் துணி, சமையல் பாத்திரம் போன்றவை. நிலம் அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியே வழக்குத் தொடர முடியாது. கைதாகாமல் இருக்க நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். இறுதியில் விடுவிப்பு ஆணை கிடைத்தால், மிச்சக் கடன் பெரும்பாலும் தீரும். அதிலும் அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் ஆகியவை தீரா. அடமானம் பெற்றவரின் உரிமையும் அப்படியே நிற்கும். உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனரும் தப்ப முடியாது. அவரைக் கடன்காரர் பிடிப்பார்.

இவ்வளவையும் முதல் சந்திப்பிலேயே உங்களுக்கு எடுத்துச் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞர். சொல்லாதவர் எவ்வளவு பெயர் பெற்றவராயினும் உங்களுக்கு வேண்டா.

என் பெரியப்பாவின் வழக்கு

பெரியப்பாவுக்கு நாலே கால் ஏக்கர் தோட்டம். மஞ்சளும் மரவள்ளியும் பயிரிட்டு வந்தார். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டில் மட்டும் அவர் மூன்று ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார். மூன்றும் புகையைத்தான் கக்கின. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், டிராக்டருக்கு ஒரு நிதி நிறுவனத்தில் தவணை, பெரியம்மாவின் நகைகள் மேல் கடன், இவை போதாவென்று இரண்டு பேரிடம் புரோநோட்டு. புரோநோட்டுக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். சம்மன் வந்தபோது பெரியப்பா வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. ஒருதலையாகத் தீர்ப்பாகி, அடுத்து ஜப்தி மனு வந்தது.

அப்போதுதான் நீதிமன்ற வாசல் டீக்கடையில் ஒருவர் அறிமுகமானார். அவர் வழக்கறிஞர் அல்லர். வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகர். "கவலையே படாதீங்க, ஆறு மாசத்துல எல்லாக் கடனும் கிளியர்" என்றாராம். 40 ஆயிரம் ரூபாய் பேசி, ரசீது இல்லாமல் வாங்கிக்கொண்டார். மனுப் போடுவதற்குப் பத்து நாள் முன்பு, இரண்டரை ஏக்கரை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்டு எழுதி வைக்கச் சொன்னதும் அவரே. வழக்கறிஞரைப் பெரியப்பா பார்த்தது ஒரே ஒரு முறை, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டபோது. கடன்காரர் பட்டியலில் இரண்டாவது புரோநோட்டுக்காரர் பெயர் விடுபட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். நொடிப்பு மனு கொடுப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் விலை பெறாமல் எழுதிக் கொடுத்த சொத்தை, ரிசீவர் கேட்டால் நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். அந்தச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. செட்டில்மெண்டு ரத்தாயிற்று. விடுபட்ட கடன்காரர் எதிர்மனுப் போட்டு, சொத்தை மறைத்ததாகக் குற்றம் சாட்டினார். சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதைப் பெரியப்பா தம் வாழ்நாளில் முதன்முறையாக அன்றுதான் கேட்டார். சிறைக்குப் போகாமல் தப்பினார். தோட்டம் ஏலத்துக்குப் போயிற்று.

அதன் பின் நாங்கள் வேறொரு வழக்கறிஞரிடம் கட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். வயதானவர், அறையில் மின்விசிறி கூடச் சரியாக ஓடாது. ஒவ்வொரு காகிதமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், முதல் புரோநோட்டின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நோட்டு 2013-ல் எழுதியது. புரோநோட்டுக்கு மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்கு 2017-ல் போடப்பட்டது. எப்படிச் செல்லும்? நோட்டின் பின்பக்கத்தில், 2015-ல் 500 ரூபாய் வரவு என்று ஒரு வரியும் ஒரு கையெழுத்தும் இருந்தன. அப்படி வரவு வைத்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். "இது உங்க கையெழுத்துங்களா?" என்று கேட்டார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னுது இல்லீங்க" என்றார்.

சம்மன் வந்த அன்று ஒரு வழக்கறிஞர் இதைப் பார்த்திருந்தால் அந்த வழக்கையே எதிர்த்திருக்கலாம். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவுக்குக் கெடு 30 நாள். அதுவும் எப்போதோ கடந்திருந்தது. ஐ.பி. தேவைப்பட்டிருக்குமா என்பதே ஐயந்தான் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு பெரியப்பா அந்த வழக்கைப் பற்றி வீட்டில் பேசியதில்லை.

எங்கே தேடுவது?

பயிரைப் பார்க்காமலே மருந்து எழுதிக் கொடுக்கும் கடைக்காரரை நீங்கள் அறிவீர்கள். காகிதத்தைப் பார்க்காமலே ஐ.பி. போடச் சொல்பவரும் அவரைப் போன்றவரே. எனவே தேடலை நீதிமன்ற வாசலில் தொடங்க வேண்டா. வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரம் செய்துகொள்வதும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் இந்தியப் பார் கவுன்சில் விதிகளால் தடுக்கப்பட்டவை. ஆகவே உங்களைத் தேடி ஒருவர் வந்தாலே, அவர் விதியை மீறித்தான் வந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

முதலில் உங்கள் வட்டாரத்தில் கடன் வழக்கு நடத்தி முடித்த உழவர்கள் மூன்று நான்கு பேரை விசாரியுங்கள். வென்றவரை மட்டும் கேட்டால் போதாது. தோற்றவரையும் கேட்க வேண்டும். மண் மாதிரி எடுக்கும்போது வயலின் ஒரே மூலையில் எடுக்கக் கூடாது என்று சொல்வோம் அல்லவா, அது போலத்தான். "வக்கீல் வாய்தாவுக்கு வந்தாரா? போன் எடுத்தாரா? கேட்காமல் மேற்கொண்டு பணம் வாங்கினாரா?" என்று கேளுங்கள். நிலத்துக்குப் பத்திரம் பார்த்துக் கொடுத்த வழக்கறிஞர் நம்பிக்கையானவராக இருந்தால், நொடிப்பு வழக்கு யார் நடத்துகிறார் என்று அவரிடமே கேட்கலாம். நல்லவர் தமக்குப் பழக்கமில்லாத வழக்கை வேறொருவரிடம் அனுப்பத் தயங்க மாட்டார்.

இரண்டாவது வழி, சப் கோர்ட்டுக்கே ஒரு நாள் போய் உட்காருவது. நீதிமன்றம் பொது இடம். விசாரணையை யாரும் பார்க்கலாம். ஐ.பி. வழக்குகள் அழைக்கப்படும்போது யார் எழுந்து நின்று பேசுகிறார், யாருடைய வழக்கில் ஆள் இல்லை என்று ஒரு காலைப் பொழுதிலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் கூலி போனாலும் இதற்கு நட்டமில்லை.

மூன்றாவது வழி முன்பு இல்லாதது. நீதிமன்றங்களின் 'இ-கோர்ட்ஸ்' இணையதளத்திலும் அலைபேசிச் செயலியிலும், வழக்கறிஞர் பெயரைக் கொண்டு அவருடைய வழக்குகளைத் தேடிப் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் பத்து நிமிட வேலை. எத்தனை ஐ.பி. வழக்குகள் நடத்தியிருக்கிறார் என்பதோடு, அவை எப்படி முடிந்தன என்பதையும் பாருங்கள். மனுதாரர் தரப்பில் ஆள் வராமையால் தள்ளுபடி என்று பல வழக்குகள் முடிந்திருந்தால், அந்த வாசலில் ஏற வேண்டா.

தகுதியைச் சரிபார்த்தல்

சான்று விதை வாங்கும்போது நீல அட்டையையும் குவியல் எண்ணையும் பார்க்கிறோம். வழக்கறிஞருக்கு அத்தகைய அட்டை, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட எண்ணும் ஆண்டும். தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் வழங்குகிறது. எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. கேட்டதற்கு முகம் சுளிப்பவரை விட்டுவிடலாம்.

நொடிப்பு வழக்குக்கென்று தனிப் பட்டமோ தனிச் சான்றிதழோ வழக்கறிஞர்களுக்கு இல்லை. பதிவு பெற்ற எவரும் நடத்தலாம். ஆகவே எண் சரியாக இருப்பது முதல் படி மட்டுமே; முளைப்புத் திறனைப் பேச்சில்தான் பார்க்க வேண்டும்.

முதல் சந்திப்பு

வெறும் கையோடு போகாதீர்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, எல்லாக் கடன் புத்தகங்கள், நகைக்கடன் சீட்டுகள், வந்த நோட்டீசுகள், சம்மன்கள், தீர்ப்பின் நகல் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். இவற்றைவிட முக்கியமானது நீங்களே எழுதிய ஒரு பட்டியல். யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு, ஜாமீன் யார், நீங்கள் யாருக்கு ஜாமீன் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பங்காளியிடம் வாங்கிய கைமாற்றுக் கடனையும் விடாதீர்கள். மனுவில் எல்லாக் கடன்காரர்களின் பெயரும் முகவரியும், எல்லாச் சொத்தின் விவரமும் மதிப்பும் தரப்பட வேண்டும் என்பது சட்டம். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தால் அதுவே பின்னர் உங்களைப் பிடிக்கும். கடந்த இரண்டாண்டில் யார் பெயருக்காவது சொத்து எழுதியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல வழக்கறிஞர் முதலில் பேச மாட்டார்; கேட்பார். ஒவ்வொரு புரோநோட்டின் தேதியையும் பின்பக்கத்தையும் பார்ப்பார். வட்டி மிதமிஞ்சியதா என்று பார்ப்பார். தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் உள்ளது. வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி நோட்டீசு அனுப்பியிருந்தால், அடமானம் வைத்தது விவசாய நிலமா, வீட்டு மனையா என்று கேட்பார். ஏனெனில் விவசாய நிலத்தின் மேலுள்ள அடமானத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. கைது பயத்தில் வந்திருந்தால் அதையும் தெளிவாக்குவார். கட்ட வசதியிருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் பணத் தீர்ப்புக்காகச் சிறையில் வைக்கலாம். வெறும் ஏழ்மைக்காக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே முடியாது. சிறைப் பயம் ஒன்றுக்காகவே ஐ.பி. போட வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு.

பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை. "நான் ஐ.பி. கொடுத்தே தீர வேண்டுமா, சமரசத்துக்கு வழி உண்டா?" என்பதே முதற்கேள்வி. இக்கேள்விக்கு உடனே "போட்டுவிடலாம்" என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். "எந்தச் சொத்துப் போகும், எது நிற்கும், எந்தக் கடன் தீராது?" என்று கேளுங்கள். ஊராட்சித் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்தால், விடுவிக்கப்படாத நொடிப்பாளர் உள்ளாட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ அவர் ஆஜராகிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். சிறிய ஊர்களில் ஒரே வழக்கறிஞர் பலருக்கும் வேலை செய்வது இயல்பு. ஒரு தரப்புக்கு யோசனை சொன்னவர் அதே வழக்கில் எதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று விதி உள்ளது.

இன்னொரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. "விடுவிப்பு ஆணை வரை நீங்களே நடத்துவீர்களா?" நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, இத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கும். அந்தக் கெடுவுக்குள் மனுச் செய்யாவிட்டால் அறிவிப்பே ரத்தாகலாம். கடன்காரர்கள் மீண்டும் வருவார்கள். செலவழித்த பணமும் காலமும் வீண். தடை ஆணை கிடைத்ததும் வழக்கு முடிந்துவிட்டதாக நினைத்து ஊருக்குத் திரும்பியவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கெடுத் தேதியை வீட்டு நாள்காட்டியில் நீங்களும் குறித்து வையுங்கள்.

கட்டணமும் காகிதமும்

கட்டணம் இவ்வளவு, அதில் எவையெல்லாம் அடங்கும், நீதிமன்றச் செலவு தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுத் தொகையையும் முதலிலேயே கொடுக்க வேண்டா, தவணையாகப் பேசலாம். குமாஸ்தாவிடம் கொடுத்தாலும் ரசீது வேண்டும். "செயித்தால் சொத்தில் பாதி" என்பது போல, முடிவை ஒட்டிக் கட்டணம் பேசுவதும் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிகளுக்கு முரண். வெற்றி உறுதி என்று சொல்பவரும், சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றச் சொல்பவரும், முன்தேதியிட்டுப் பத்திரம் எழுதச் சொல்பவரும், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரும் உங்களைச் சிறைக்கு அருகில் கொண்டுபோய் விடுபவர்கள். வக்காலத்தை வாசித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். மனுவை, அது தமிழில் இல்லையென்றால், வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். அதன் உண்மைக்கு நீங்களே பொறுப்பு. குமாஸ்தா தவறாகத் தட்டச்சு செய்தார் என்பது விடையாகாது.

மூலப் பத்திரங்களை வீட்டிலேயே வைத்து நகலைக் கொடுங்கள். நீதிமன்றத்துக்கு மூலமே தேவையானால் பட்டியலிட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டு கொடுங்கள். இடையில் வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால் கட்டு திரும்பி வராது என்று அஞ்ச வேண்டா. கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. பாக்கிக்கு அவர் தனியே வழி தேடிக்கொள்ளலாம். தவறாக நடந்துகொண்ட வழக்கறிஞர் மேல் மாநிலப் பார் கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் செய்யலாம்.

பணம் இல்லாதவர் என்ன செய்வது?

கடனில் மூழ்கியவரிடம் வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரியப்பா அந்த 40 ஆயிரத்தைப் பெரியம்மாவின் கடைசித் தாலிக்கொடியை வைத்துத்தான் புரட்டினார். அவர் போய் நின்ற அதே நீதிமன்ற வளாகத்தில் இலவசமாக வழக்கறிஞர் தரும் அலுவலகம் ஒன்று இருந்தது என்பது எங்கள் ஒருவருக்கும் அன்று தெரியாது.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வட்டந்தோறும் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், மாவட்டந்தோறும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உள்ளன. நீதிமன்ற வளாகத்திலேயே இவற்றின் அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்பு உண்டு. வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரால் அல்லற்படுவோரையும் இச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு தனியே குறிப்பிட்டு இவ்வுதவிக்கு உரியவராக்குகிறது. மழை பொய்த்துக் கடன்பட்ட உழவர் இதைக் குறிப்பாக நினைவில் வைத்து, தம் மனுவில் வறட்சியையும் அதனால் நேர்ந்த பயிரிழப்பையும் எழுத வேண்டும். அடங்கல் நகலும், வறட்சி நிவாரணம் பெற்றிருந்தால் அதன் சான்றும் உடன் வைக்கலாம்.

இலவசமாகக் கிடைப்பவர் என்பதற்காக அவரிடம் மேற்சொன்ன கேள்விகளைக் கேட்காமல் இருக்க வேண்டா. நியமிக்கப்பட்டவர் வாய்தாவுக்கு வராவிட்டால் அலுவலகத்தில் சொல்லி வேறொருவரைக் கேட்கலாம். இக்குழுக்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் வங்கிக் கடனையும் தனியார் கடனையும் சமரசமாகத் தீர்த்துக்கொள்ள முடியும். அங்கு ஏற்பட்ட முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே தவணைத் தொகை உங்களால் கட்டக்கூடியதா, அறுவடைக் காலத்தை ஒட்டி வருகிறதா என்று கணக்குப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். மஞ்சள் பத்து மாதப் பயிர். அதை நம்பியிருப்பவர் மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டால் மூன்றாம் மாதமே தவறிவிடுவார்.

அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். நேரில் போகும்போது ஆதார் அட்டை, வருமானச் சான்று, வந்த சம்மன் அல்லது நோட்டீசு ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு செல்லுங்கள். சம்மனில் வாய்தாத் தேதி நெருங்கியிருந்தால் அதை முதலிலேயே சொல்லி, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்டு வாங்கி வாருங்கள்.